ஓடச் சொல்பவர்கள் உடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை

டாக்டர் சொல்கிறார், "ஓடுங்க". வாரப் பத்திரிகையின் இலவச இணைப்பு சொல்கிறது, ஓடுங்கள். பக்கத்து வீட்டு மாமி கூட, "காலையில எழுந்து நாலு ரவுண்டு ஓடினா எல்லாம் சரியாப் போயிடும்டீ" என்கிறார். ஓட்டத்தைப் போல மலிவான விளையாட்டு வேறு இல்லையாம், ஒரு ஜோடி ஷூ இருந்தால் போதுமாம். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அல்லது ஒல்லியான பெண்கள். மார்பு பெரிதாக உள்ள பெண்ணுக்கு ஷூ இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை ஸ்போர்ட்ஸ் பிரா.

(இந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரிக்க வேண்டும் என்று தோன்றும் கடைசி பெஞ்ச் நண்பர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம். கட்டுரை காத்திருக்கும்.)

சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை என்பது கொஞ்சம் உடற்கூறு படித்தால் புரியும். மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் பிடிக்க வெளியே தோல், உள்ளே கூப்பர் இழைகள் எனப்படும் மெல்லிய இணைப்பு இழைகள், அவ்வளவுதான். 19ம் நூற்றாண்டில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இவற்றை விவரித்ததால் அந்தப் பெயர். தசை இல்லாததால் உடற்பயிற்சி செய்து மார்பகத்தை "உறுதியாக்க" முடியாது. பின்னால் இருக்கும் நெஞ்சுத் தசை வலுவாகலாம், முன்னால் இருக்கும் எடை அப்படியேதான் இருக்கும். அந்த எடையை வெளியிலிருந்து ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் 2005லிருந்து இதற்கென்றே ஒரு ஆராய்ச்சிக் குழு இயங்குகிறது. பேராசிரியர் ஜோனா ஸ்கர் தலைமையில் தொடங்கிய குழு. பெண்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, உடலில் சிறு அடையாளங்களை ஒட்டி, கேமராக்களால் அசைவை அளக்கிறார்கள். ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் அசைவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னுமாக மூன்று திசைகளிலும் அசைகிறது. சேர்த்துப் பார்த்தால் 8 என்ற எண்ணை எழுதுவது போன்ற பாதை. தாங்குதல் இல்லாவிட்டால் இந்த அசைவு 15 சென்டிமீட்டர் வரை போகலாம். ஐந்து கிலோமீட்டர் மெதுவோட்டம் என்றால் ஐந்தாயிரம் அடிகளுக்கு மேல். ஒவ்வொரு அடிக்கும் இந்த இழுப்பு.

இதே குழு 2012 லண்டன் மாரத்தானில் ஓடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மார்பக வலி உண்டு என்றார். கப் அளவு கூடக்கூட வலியும் கூடுகிறது. சரியான தாங்குதல் இல்லாத பெண் தன்னையறியாமல் எட்டைக் குறைத்து வைக்கிறாள் என்றும் கண்டார்கள். ஒரு அடிக்கு 4 சென்டிமீட்டர் வரை. மாரத்தானுக்கு நாற்பதாயிரம் அடி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 1.6 கிலோமீட்டர், அதாவது ஒரு மைல் வருகிறது. நல்ல பிரா இல்லாத பெண் தன் பக்கத்தில் ஓடுபவரைவிட ஒரு மைல் அதிகம் ஓடுவது போலத்தான்.

இவ்வளவு முக்கியமான ஒரு பொருளைக் கடையில் போய் வாங்குவது எளிதாக இருக்கும் என்று நினைத்தால் அது தவறு.

இந்தப் பொருளுக்கே வயது அதிகமில்லை. 1972ல்தான் பாஸ்டன் மாரத்தானில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் டைட்டில் நைன் சட்டம் வந்து, அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் விளையாட்டிலும் பெண்களை ஒதுக்கக் கூடாது என்று ஆனது. பெண்கள் ஓட ஆரம்பித்தார்கள். எதைப் போட்டுக்கொண்டு ஓடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. 1977ல் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்பவர் தினமும் ஓடிக்கொண்டிருந்தார். ஆண்களுக்கு ஜாக்ஸ்ட்ராப் இருக்கிறதே, பெண்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை என்று அவரும் அவருடைய சகோதரியும் போனில் கேலியாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கேலி விபரீதமாகப் போய் (நல்ல விபரீதம்தான்), நாடக உடை வடிவமைப்பாளரான தோழி பாலி ஸ்மித் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்களை வெட்டிச் சேர்த்துத் தைத்தார். உதவியாளர் ஹிண்டா ஷ்ரைபர், பின்னாளில் ஹிண்டா மில்லர், லிசாவுக்கு முன்னால் பின்னோக்கி ஓடிக்கொண்டே அசைவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாராம். ஜாகிங் என்ற சொல்லிலிருந்து ஜாக்பிரா என்று பெயர் வைத்து, 1979ல் காப்புரிமையும் வாங்கினார்கள். 2022ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் மூவருக்கும் இடம் கிடைத்தது.

ஜாக்பிராவின் வேலைமுறை எளிமையானது. மார்பை உடலோடு சேர்த்து அழுத்திவிடுவது. சின்ன மார்புக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். பெரிய மார்பை அழுத்தினால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் வியர்த்து, உரசி, மேலே கழுத்துப் பக்கம் பிதுங்கி, கீழே நழுவி வரும். அங்கே தேவைப்படுவது வேறு வகை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்து, இரண்டையும் பிரித்து, தனித்தனியாகப் பிடிக்கும் வகை. கூடவே அகலமான தோள் பட்டை, பின்னால் மூன்று நான்கு வரிசைக் கொக்கி, இழுபடாத துணி. சுருக்கமாகச் சொன்னால் ஒரு சின்ன பாலம் கட்டும் வேலை.

அப்படி ஒன்று வேண்டும் என்று கம்பெனிகளுக்குத் தோன்ற வெகு காலம் ஆனது. 1993ல் மொன்டானா மாநிலத்தில் ரெனெல் பிராட்டன் என்ற பெண், வாலிபால் விளையாடுவதற்குத் தன் உடம்புக்குப் பொருந்தும் பிரா எங்குமே கிடைக்காததால் தானே ஒன்றை உருவாக்கி 'எனெல்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். முன்பக்கம் வரிசையாகக் கொக்கிகள், கிட்டத்தட்ட ஒரு கவசம். ஜாக்பிரா வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து! இரண்டு கதையிலும் ஒரு ஒற்றுமையைக் கவனிக்கலாம். கோடிக்கணக்கில் விற்ற உள்ளாடைக் கம்பெனிகளும் ஷூ கம்பெனிகளும் இதைச் செய்யவில்லை. கடையில் போய் வெறுங்கையோடு திரும்பிய பெண்கள் செய்தார்கள்.

இப்போது கடைக்கு வருவோம்.

ஸ்போர்ட்ஸ் கடையில் மாட்டியிருக்கும் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பிராவில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்றுதான் போட்டிருக்கும். ஒரு பிராவுக்கு இரண்டு அளவு வேண்டும். மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிய அளவு ஒன்று, மார்பின் உச்சியைச் சுற்றிய அளவு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப். இரண்டு எண்ணை ஒரே எழுத்தில் எப்படி அடக்குவது? அடக்க முடியாது. கீழ்ச் சுற்று பெரிதாகும்போது மார்பும் அதே விகிதத்தில் பெரிதாகும் என்று ஒரு கற்பனை உடம்பை வைத்துக்கொண்டு, சின்ன சைஸைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். ஜெராக்ஸ் மெஷினில் என்லார்ஜ் செய்வது போல.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்குக் கீழ்ச் சுற்று 34 இன்ச், மார்புச் சுற்று 41 இன்ச். வித்தியாசம் 7 இன்ச். பிரிட்டிஷ் கணக்கில் அவள் 34எஃப். அமெரிக்காவில் பல கம்பெனிகளின் கணக்கில் 34ஜி. காரணம், பிரிட்டனில் டிடிக்குப் பிறகு இ, எஃப், எஃப்எஃப் என்று போகும், அமெரிக்காவில் டிடிக்குப் பிறகு டிடிடி, அதன் பிறகு ஜி. (ஒரே உடம்பு, விமானம் ஏறினால் எழுத்து மாறிவிடும்.) இந்தப் பெண் 'எம்' எடுத்தால் கீழ்ப் பட்டை பொருந்தும், மார்பு பாதிதான் உள்ளே போகும். 'எக்ஸ்எல்' எடுத்தால் மார்பு அடங்கும், பட்டை தொளதொளவென்று நிற்கும். பிராவில் எடையைத் தாங்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது கீழ்ப் பட்டைதான். தோள் பட்டை உதவிக்கு மட்டும். பட்டை தளர்ந்தால் மொத்தச் சுமையும் தோளில் ஏறும். பெரிய மார்புள்ள பல பெண்களின் தோளில் பள்ளம் விழுந்திருப்பது இதனால்தான்.

எழுத்து எண் இரண்டும் போட்டு விற்கும் கடையில் கூட இன்னொரு பொறி இருக்கிறது. கீழ்ச் சுற்று 34 வந்தால் அதோடு 4 கூட்டி 38 என்று சொல்லும் பழைய முறை ஒன்று இன்னும் வழக்கத்தில் உண்டு. அப்போது 41 கழித்தல் 38, மூன்று இன்ச். ஆகவே "உங்க சைஸ் 38சி மேடம்". 34எஃப் என்பது கடையில் இல்லை, 38சி இருக்கிறது, எனவே 34எஃப் பெண் 38சி ஆகிவிடுகிறாள். கடைக்காரருக்கு வியாபாரம் முடிந்தது. அவள் ஓட ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் பட்டை முதுகில் ஏறி, கழுத்தை நோக்கிப் பயணம் போகும்.

நம் ஊர் தையல்காரர் எவரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார் என்பது சுவாரஸ்யமான விஷயம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது "எம்மா, எல்லா?" என்று அவர் கேட்பதில்லை. "அளவு ஜாக்கெட் குடுங்கம்மா" என்கிறார். இல்லாவிட்டால் டேப்பை எடுத்து மேல் மார்பு, மார்பு, இடுப்பு, தோள், கை என்று ஒவ்வொன்றாக அளக்கிறார். எங்கே டாட் பிடிக்க வேண்டும், யாருக்குப் பிரின்சஸ் கட் சரிவரும், யாருக்குக் கத்தோரி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அகலம் வேறு, கொள்ளளவு வேறு என்பது தெருமுனைத் தையல் கடைக்குத் தெரிந்த விஷயம். உலகம் பூராவும் கிளை வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கம்பெனிகளுக்குப் பல வருடம் தெரியாமல் போனது எப்படி?

தெரியாமல் இல்லை. சைஸ் கூடினால் செலவு கூடும் என்பதுதான் காரணம், அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கீழ்ச் சுற்றில் 30 முதல் 44 வரை எட்டு அளவு, கப்பில் எட்டு அளவு என்று வைத்தால் ஒரே மாடலில் 64 சைஸ். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்றால் நாலே நாலு. 64 சைஸையும் தைத்து, கடைக்கு அனுப்பி, விற்காமல் தங்கியதைத் திருப்பி வாங்குவது பெரிய தலைவலி. பெரிய கப்புக்குச் சின்னக் கப்பின் வடிவத்தைப் பெரிதாக்கினாலும் போதாது, வேறு துணி, வேறு தையல், வேறு சோதனை. அதனால் விலையும் ஏறும். எனெல் போன்றவை 60 டாலருக்கு மேல். ஒரு சுமாரான ஷூவின் விலை.

சரி, ஷூவையே எடுத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கான ஷூவை யாராவது ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று விற்கிறார்களா? அரை நம்பர் வித்தியாசத்தில் இருக்கிறது. அகலப் பாதத்துக்குத் தனி. உள்பக்கம் சாயும் காலுக்குத் தனி. நல்ல ஷூ கடையில் ஓடவிட்டுப் பார்த்து, பாதத்தை அளந்து, "இது உங்களுக்கு வேண்டாம் சார், அது எடுங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறது. அதே கடையில் பிரா இருக்கும் மூலையில் ஒரு கம்பியில் பத்து ஹேங்கர், அதில் எட்டு எஸ்ஸும் எம்மும். பாதத்துக்கு 30 சைஸ் வைத்து லாபம் பார்க்க முடிகிற தொழிலுக்கு மார்புக்கு வைக்க முடியவில்லை என்றால், அது கணக்கின் குறை அல்ல. யாருக்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதில் உள்ள குறை.

இந்த வாதத்துக்கு எதிராக வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: "எடையைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்." இதில் உள்ள வேடிக்கை சொன்னவருக்கே தெரியாது. எடையைக் குறைக்க ஓட வேண்டும், ஓட உடுப்பு வேண்டும், உடுப்பு வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. தவிர, பெரிய மார்பு குண்டானவர்களுக்கு மட்டும் உரியதல்ல. மெலிந்த உடம்பில் 30எஃப் இருக்கும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், அந்தப் பட்டை அளவில் அந்தக் கப்பைத் தைப்பவர்களே குறைவு. பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கும் பெண்ணுக்கு அளவு மாறும், மாதவிலக்கை ஒட்டியும் மாறும். இதில் யார் எந்த எடையைக் குறைப்பது?

இரண்டாவது பதில்: "இப்படிப் பெரிய சைஸ் போட்டால் உடல் பருமனை ஊக்குவிப்பதாகும்." 2017ல் நைக்கி 1எக்ஸ் முதல் 3எக்ஸ் வரை பெண்களுக்கான உடுப்புகளைக் கொண்டுவந்தது. 2019 ஜூனில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருக் கடையில் பருமனான பெண் உருவப் பொம்மை ஒன்றுக்கு ஓட்ட உடுப்பு மாட்டி நிறுத்தியது. அந்தப் பொம்மையால் ஓட முடியாது என்ற பொருளில் ஒரு பெரிய பிரிட்டிஷ் பத்திரிகையில் கட்டுரையே வந்தது. அதைப் படித்துவிட்டு, அந்தப் பொம்மையின் உடல்வாகு கொண்ட, மாரத்தான் ஓடி முடித்த பெண்கள் வரிசையாகத் தங்கள் படங்களைப் போட்டார்கள். ஓடாமல் உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்பது, ஓட உடுப்பு கேட்டால் உனக்கெல்லாம் எதற்கு என்பது... பருமனான பெண் என்னதான் செய்ய வேண்டும் என்று இவர்கள் எதிர்பார்க்கிறார்கள்?

மூன்றாவது பதில் கொஞ்சம் அன்பாக வரும்: "ரெண்டு பிரா சேர்த்துப் போட்டுக்கோயேன்." நிறையப் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று, சிலர் மூன்று கூட. அசைவு கொஞ்சம் குறையும்தான். கூடவே இரண்டு எலாஸ்டிக் பட்டை விலாவை இறுக்கும், ஓடும்போது மூச்சை முழுதாக இழுக்க முடியாது, சென்னை வெயிலில் வேர்க்குரு இலவசம். இது சமாளிப்பு. சமாளிக்கத் தெரிந்துவிட்டதால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமாகாது.

பிரச்சினை மார்போடு நிற்பதும் இல்லை. தொடை உரசும் பெண்ணுக்கு அகலமான குட்டை ஷார்ட்ஸால் பயனில்லை, ஓடஓட அது சுருண்டு மேலே ஏறும். முழங்கால் வரை இறுகப் பிடிக்கும் டைட்ஸ் வேண்டும். அது எக்ஸ்எல்லோடு நின்றுவிடும், அல்லது இடுப்புப் பட்டை வயிற்றில் சுருண்டு கீழே இறங்கும். பெண்கள் டி-ஷர்ட் என்றால் இடுப்பில் குறுகி மார்பில் இறுகும். ஆண்கள் டி-ஷர்ட் என்றால் தோள் தொங்கும். உரசும் இடங்களில் எல்லாம் வாசலின் தடவிக்கொண்டு கிளம்ப வேண்டும். இவ்வளவையும் தாண்டித்தான் அவள் தெருவுக்கே வருகிறாள். தெருவில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வை தனிக் கணக்கு.

1996ல் உருவான 'சோஃபாவிலிருந்து 5 கிலோமீட்டர்' என்ற ஒன்பது வாரத் திட்டம் உலகம் பூராவும் பிரபலம். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, அப்படி மாற்றி மாற்றி. எந்த உடம்புக்காரரும் தொடங்கலாம் என்பதுதான் அதன் அழகு. அந்த 60 விநாடியே வலித்தால்? அவள் இரண்டாவது நாள் வரமாட்டாள். "எனக்கு ஓட்டம் ஒத்து வராது" என்று சொல்லிவிடுவாள். ஒத்து வராதது ஓட்டமா, அல்லது 38சியா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. போர்ட்ஸ்மவுத் குழு இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையிலான 2,089 மாணவிகளிடம் கேட்டு 2016ல் வெளியிட்ட ஆய்வில், 46 சதவீதம் பேர் தங்கள் மார்பகம் விளையாட்டு வகுப்பில் கலந்துகொள்வதை ஓரளவாவது பாதிக்கிறது என்றார்கள். 87 சதவீதம் பேர் மார்பகத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். தெரிந்துகொள்ள விருப்பம் இருக்கிறது, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. நம் பள்ளிகளில் பி.டி. பீரியடில் "மிஸ், வயித்து வலி" என்று மரத்தடியில் உட்காரும் எட்டாம் வகுப்புப் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வயிற்று வலி?

இதன் கடைசி எல்லை எங்கே போகும் என்பதற்கு ஒரு உதாரணம். ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009ல், தன் பதினேழாவது வயதில், மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எடை ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு 2018ல் பிரெஞ்சு ஓபன், 2019ல் விம்பிள்டன் வென்றார். அது அவருடைய உடம்பு, அவருடைய முடிவு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் பெண்ணும் விம்பிள்டன் ஆடப்போவதில்லை. பூங்காவை மூன்று சுற்றுச் சுற்ற விரும்பும் பெண்ணுக்குக் கத்தி தேவையில்லை, நன்றாகத் தைத்த நாலு முழம் துணி போதும்.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் பொய். 1989ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டைட்டில் நைன் என்ற தபால் கேட்டலாக் கடை, ஒவ்வொரு பிராவுக்கும் எவ்வளவு தாங்கும் என்று ஒன்று முதல் ஐந்து வரை பார்பெல் படம் போட்டுக் காட்டியது. சின்ன யோசனைதான், வாங்குபவருக்கு எவ்வளவு பெரிய உதவி! 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் பிரிட்டிஷ் வீராங்கனைகளுக்குப் போர்ட்ஸ்மவுத் குழு ஆளுக்கு ஆள் அளவெடுத்துப் பொருத்திக் கொடுத்தது. 2022 ஐரோப்பியக் கோப்பைக்கு முன் இங்கிலாந்து கால்பந்துப் பெண்களுக்கும் அப்படியே. அந்த இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்த க்ளோயி கெல்லி சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடியதை உலகமே பார்த்தது. 1999 உலகக் கோப்பையில் பிராண்டி சாஸ்டெய்ன் அதையே செய்தபோது பத்திரிகைகள் அதை ஒரு சர்ச்சையாக்கி மாதக்கணக்கில் பேசின. 23 வருடத்தில் அதிர்ச்சி குறைந்திருக்கிறது, நல்லது. பெரிய கப் வைத்துத் தைக்கும் கம்பெனிகளும் கூடியிருக்கின்றன. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் இணையத்தில்தான் தேட வேண்டும். போட்டுப் பார்க்காமல் காசைக் கட்டி, வந்ததும் பொருந்தாமல் திருப்பி அனுப்பி, மறுபடி வேறு சைஸ் வரவழைத்து... நேரமும் பணமும் உள்ளவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

இதில் தமிழர்களுக்கு வருத்தமான ஒரு தொடர்பும் உண்டு. இந்த உடுப்புகளில் கணிசமானவை நம் கைகளால் தைக்கப்படுபவை. பின்னலாடை ஏற்றுமதி என்றால் திருப்பூர். இலங்கையில் 1987ல் தொடங்கிய எம்ஏஎஸ் ஹோல்டிங்ஸ், உலகப் பெரும் பிராண்டுகளுக்கு உள்ளாடையும் விளையாட்டு உடுப்பும் தைத்துக் கொடுக்கும் நிறுவனம். போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் தொழிற்சாலை திறந்தது. தமிழ்ப் பெண்கள் தையல் மெஷினில் உட்கார்ந்து தைக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா கப்பல் ஏறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஓட நினைக்கும் பருமனான பெண் என்ன செய்கிறாள்? சாதாரண உள்பாடியின் மேல் இறுக்கமாக ஒரு பனியன், அதன் மேல் அண்ணனின் டி-ஷர்ட், அதற்கும் மேல் ஒரு துப்பட்டா. கடைசியில் ஓடாமல் வேகமாக நடந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள்.

இந்த ஊரில் கடைக்குப் போவதே ஒரு தனி அனுபவம். கவுண்டருக்குப் பின்னால் ஆண் நிற்பார். கேட்பவள் குரலைத் தாழ்த்தி, "ஸ்போர்ட்ஸுக்குப் போடறது..." என்று இழுப்பாள். அவர் கண்ணாலேயே அளவெடுத்து ஒரு பெட்டியை எடுத்துப் போடுவார். "அண்ணா, போட்டுப் பார்க்கலாமா?" "இதெல்லாம் ட்ரையல் கிடையாதும்மா. ரிட்டர்னும் கிடையாது." அவள் பெட்டியை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுபோவாள். ஏதோ திருட்டுப் பொருள் போல. கூச்சம்தான் இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு. பொருந்தாத செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கடையில் சண்டை போடும் அதே பெண், பொருந்தாத பிராவைப் பீரோவின் அடியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள்.

வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள்: வீட்டிலேயே டேப் வைத்துக் கீழ்ச் சுற்றையும் மார்புச் சுற்றையும் அளந்து இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போக வேண்டும், 4 கூட்டக் கூடாது. தனித்தனிக் கப், அகலத் தோள் பட்டை, பின்னால் கொக்கி உள்ளதைத் தேட வேண்டும். கீழ்ப் பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், கையைத் தூக்கினால் மேலே ஏறக்கூடாது, அடியில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். புதிதாக வாங்கும்போது கடைசி, அதாவது மிகத் தளர்ந்த கொக்கியில் பொருந்த வேண்டும். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும், அப்போது உள் கொக்கிக்கு மாறலாம். ட்ரையல் ரூமில் ஒரு நிமிடம் குதித்து, நின்ற இடத்தில் ஓடிப் பார்த்து, ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். வெளியில் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

கடைகளிடமும் கம்பெனிகளிடமும் கேட்க வேண்டியது மிகக் குறைவு. ஒரு எழுத்துக்குப் பதில் இரண்டு எண். கொஞ்சம் குதிக்க இடம் உள்ள ஒரு ட்ரையல் ரூம். அளவெடுக்கத் தெரிந்த ஒரு பெண் ஊழியர். பொருந்தாவிட்டால் மாற்றித் தரும் வழக்கம். பள்ளிக்கூடங்களிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது: ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பீரியட், ஒரு டேப், கூச்சப்படாமல் பேசும் ஒரு டீச்சர்.

ஒரு பெண்ணைப் பார்த்து "ஓடு" என்று அடுத்த முறை யாராவது சொல்லும்போது, "எதைப் போட்டுக்கிட்டு?" என்று அவள் திருப்பிக் கேட்க வேண்டும். பதில் தெரியாதவர்கள் அறிவுரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்.